பக்கத்து லேன்

கனடாவின் சம்மர் மெக்கின்டோஷ் சுவரைத் தொட்டபோது கடிகாரம் 3 நிமிடம் 59.94 விநாடி என்று காட்டியது. பெண்கள் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் நான்கு நிமிடத்துக்குள் வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று நீச்சல் பார்ப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் 2023 ஜூலை 23 அன்று, ஃபுகுவோகா உலக நீச்சல் சாம்பியன்ஷிப்பின் முதல் நாள் மாலையில், அந்த நேரத்துக்குப் பதக்கமே கிடைக்கவில்லை. அவருக்கு நான்காவது இடம்.

அப்போது மெக்கின்டோஷுக்கு வயது 16. அதே ஆண்டு மார்ச் மாதம் டொராண்டோவில் 3:56.08 நேரத்தில் நீந்தி உலக சாதனை படைத்திருந்தார். அந்தச் சாதனையோடுதான் ஃபுகுவோகாவில் நீரில் குதித்தார். வெளியே வரும்போது சாதனை ஆஸ்திரேலியாவின் ஆரியார்ன் டிட்மஸ் கைக்குப் போயிருந்தது: 3:55.38. அமெரிக்காவின் கேட்டி லெடெக்கி 3:58.73 நேரத்தில் இரண்டாவது. நியூசிலாந்தின் எரிகா ஃபேர்வெதர் 3:59.59 நேரத்தில் மூன்றாவது. ஒரே பந்தயத்தில் நான்கு பெண்கள் நான்கு நிமிடத்துக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

இதை நான் நிறைய தடவை திரும்பப் பார்த்துவிட்டேன். யார் ஜெயிப்பார் என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. அப்புறமும் ஏன் பார்க்கிறேன் என்று கேட்டால், நான்கு பேரும் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு போவதைப் பார்க்கத்தான். தனித்தனியாக நீந்தியிருந்தால் இந்த நால்வரும் அன்று மாலை இதே நேரத்தில் வந்திருப்பார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை.

400 மீட்டர் ஒரு விசித்திரமான தூரம். ஐம்பது மீட்டர் குளத்தில் எட்டு நீளம். நூறு மீட்டரைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்துவிட முடியாது. 1500 மீட்டரைப் போல ஒரு தாளத்தில் விழுந்து அதிலேயே போய்க்கொண்டிருக்கவும் முடியாது. முதல் நூறு மீட்டர் எப்போதும் சுலபமாகத்தான் இருக்கும், ஏமாற்றுவதும் அதுதான். அங்கே அரை விநாடி அதிகமாகச் செலவழித்தால் கடைசி நூறில் இரண்டு விநாடியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். அரையிறுதியும் கிடையாது. காலையில் ஹீட்ஸ் என்ற தகுதிச் சுற்று, அதில் முதல் எட்டுப் பேர் நேராக ஃபைனலுக்கு. ஹீட்ஸில் அதிக வேகமாக வந்தவருக்கு நான்காவது லேன், அடுத்தவருக்கு ஐந்தாவது, அதற்கடுத்தவருக்கு மூன்றாவது. அதாவது உங்களுக்கு மிக ஆபத்தான ஆள் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும்படி லேன் போடுகிறார்கள்.

டிட்மஸின் 3:55.38 நேரத்தை எட்டால் வகுத்தால் ஒவ்வொரு ஐம்பது மீட்டருக்கும் சராசரியாக 29.4 விநாடி வருகிறது. விநாடிக்கு 1.7 மீட்டர். கரையோரமாக ஒருவர் விறுவிறுவென்று நடந்தால் கூடவே வந்துவிடலாம். தண்ணீர் அவ்வளவு கனமானது. மனித உடல் அதற்குள் உச்சபட்சமாகப் போனாலும் நடை வேகம்தான். அதனால்தான் இந்த விளையாட்டில் விநாடியில் நூறில் ஒரு பங்குக்கு இவ்வளவு மரியாதை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் ரெபெக்கா ஆட்லிங்டன் 4:03.22, அமெரிக்காவின் கேட்டி ஹாஃப் 4:03.29. கடைசி மீட்டர்கள் வரை ஹாஃப்தான் முன்னால் இருந்தார். இருவருக்கும் நடுவே இருந்த தூரத்தைக் கணக்குப் போட்டால் 12 சென்டிமீட்டர்கூட வராது. நானூறு மீட்டர் நீந்தியபின் அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் நீச்சல் கற்றுக்கொண்டது முப்பத்தைந்து வயதில். அதற்கு முன்பே டிவியில் நிறைய நீச்சல் பார்த்திருந்தேன். ஆனால் 400 மீட்டர் என்ன என்று உடம்புக்குத் தெரிந்தது அதற்குப் பிறகுதான். நான் போகும் குளம் இருபத்தைந்து மீட்டர், எனவே பதினாறு நீளம். ஆறாவது நீளம் வரை நான் நன்றாகவே நீந்துகிறேன் என்று தோன்றும். பத்தாவதில் தோள்பட்டையில் கல் கட்டியதுபோல் ஆகும். பதினொன்றாவது நீளத்தில், எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கலாமே என்ற எண்ணம் தவறாமல் வரும். இன்னும் இவ்வளவு மீதி இருக்கிறதே என்ற நினைப்புதான் உடம்பின் களைப்பைவிட மோசம்.

அங்கே பக்கத்து லேனில் ஒரு அக்கா நீந்துவார். சிவப்புத் தொப்பி. ஐம்பதைத் தாண்டியவர். ஒரே சீரான கைவீச்சு, அவசரமே கிடையாது. நான் வலது பக்கம் மட்டும்தான் மூச்சு எடுப்பேன். அவர் எனக்கு வலப்பக்கம் இருக்கும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தச் சிவப்பு ஒரு கணம் தெரியும். என் கை நீரைவிட்டு எழும்போது அக்குளுக்குக் கீழே ஒரு சிவப்புப் பொட்டு, பிறகு மறுபடி நீல நிறம். சுவரில் திரும்பியதும் அவர் எனக்கு இடப்பக்கம் போய்விடுவார். அந்த நீளம் முழுக்க அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. முந்திவிட்டாரா, பின்தங்கிவிட்டாரா? மறுபடி திரும்பினால்தான் தெரியும். தெரியாத அந்த நீளங்களில்தான் நான் அதிக வேகமாகப் போனேன் என்று பிற்பாடுதான் புரிந்தது.

தனியாக இருந்தால் எனக்கு 400 மீட்டர் முடிக்கப் பதினொரு நிமிடம் ஆகும். அக்கா பக்கத்தில் இருந்தால் பத்து நிமிடம் இருபது விநாடி. ஒருநாள் இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபோது சொல்லிவிட்டேன்.

"அக்கா, நீங்க பக்கத்துல இருந்தா நான் வேகமாப் போறேன். உங்களைப் பிடிச்சுக்கிட்டே வர்றேன்."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அட, நான் உன்னைப் பார்த்துத்தாம்மா போறேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன். நீ வராத நாள்ல எனக்குப் பாதிலயே நிறுத்தத் தோணுது."

அதைக் கேட்டபிறகு நான் பார்க்கும் ஒவ்வொரு 400 மீட்டர் பந்தயமும் மாறிவிட்டது. கேமராவுக்கு எட்டு லேனும் மேலிருந்து தெரிகிறது, நீந்துகிறவருக்கு அப்படி எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிவது அக்குள் இடுக்கில் வந்துபோகும் ஒரு தொப்பியும் கொஞ்சம் நுரையும்தான், அதுவும் பெரும்பாலும் ஒரு நீளம் விட்டு ஒரு நீளம்.

லெடெக்கிக்கு அந்தத் தொப்பிகூடத் தெரியாத வருடங்கள் இருந்தன. 2013 பார்சிலோனா உலக சாம்பியன்ஷிப்பில் 3:59.82 நேரத்தில் ஜெயித்து, நான்கு நிமிடத்துக்குள் வந்த இரண்டாவது பெண்ணானார். முதல் பெண் இத்தாலியின் ஃபெடெரிகா பெல்லெக்ரினி. 2009 ரோம் உலக சாம்பியன்ஷிப்பில் 3:59.15. ஆனால் அது, நீந்துகிறவருக்குக் கூடுதல் வேகம் தந்த பாலியூரித்தேன் நீச்சலுடைகளின் கோடைக்காலம். அடுத்த ஆண்டு முதல் அந்த உடைகளுக்குத் தடை வந்தது. சாதாரண உடையில், அதுவும் 16 வயதில், லெடெக்கி அந்த எல்லைக்குள் போனார். 2014இல் உலக சாதனையை இரண்டு தடவை உடைத்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 3:56.46. இரண்டாவதாக வந்த பிரிட்டனின் ஜாஸ் கார்லின் 4:01.23. வித்தியாசம் 4.77 விநாடி, கிட்டத்தட்ட எட்டு மீட்டர்.

ரியோ பந்தயத்தின் பதிவைப் பார்த்தால் ஒன்று தோன்றும். கேமராவின் சட்டத்துக்குள் லெடெக்கி மட்டும்தான் இருக்கிறார். கூடவே உலக சாதனை வேகத்தைக் காட்டும் அந்தக் கோடு. அந்தக் கோடும் அவருடைய பழைய நேரம்தான். தன்னோடு தானே போட்டி போட்டுக்கொண்டிருந்தார். அது மகத்தான நீச்சல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் அந்த 3:56.46 அப்படியே நின்றது. அவராலும் அதைத் தாண்ட முடியவில்லை.

அப்புறம் 2019 ஜூலை, குவாங்ஜு உலக சாம்பியன்ஷிப். டிட்மஸுக்கு 18 வயது, டாஸ்மேனியாவில் பிறந்தவர். 350 மீட்டர் திரும்பும்போது லெடெக்கி 0.62 விநாடி முன்னால். வழக்கமாக அங்கேயே முடிந்துவிடும் கதை. ஆனால் கடைசி ஐம்பதை டிட்மஸ் 29.51 விநாடியில் நீந்தினார், லெடெக்கிக்கு 31.34 ஆனது. முடிவு 3:58.76, 3:59.97. பெரிய சர்வதேசப் போட்டி ஒன்றில் லெடெக்கி 400 மீட்டர் தோற்றது அதுவே முதல் முறை. அந்த வாரம் அவர் உடல்நலம் சரியில்லாமல் 200 மீட்டரிலிருந்தும் 1500 மீட்டர் ஃபைனலிலிருந்தும் விலகினார். பிறகு எழுந்து வந்து 800 மீட்டரில் தங்கம் வாங்கினார். எனவே குவாங்ஜு முடிவை முழுத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது லெடெக்கிக்குச் செய்யும் அநியாயம் என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்வேன்.

சரியான பதில் டோக்கியோவில் கிடைத்தது. 2021 ஜூலை 26. நோய்த்தொற்றுக் காலம் என்பதால் பார்வையாளர்கள் இல்லாத அரங்கம். கூட்டத்தின் சத்தம் இல்லை, இருந்தது பக்கத்து லேன் மட்டும்தான். லெடெக்கி முதல் இருநூறை 1:57.44 நேரத்தில் கடந்தார், டிட்மஸ் 1:58.10. இடைவெளி 0.66. 300 மீட்டரில் அது 0.22 ஆகச் சுருங்கியது.

அந்த மூன்றாவது நூறு மீட்டர்தான் இந்தப் பந்தயத்தின் நெஞ்சு என்பேன். டிவி வர்ணனையாளர்கள் பெரும்பாலும் அங்கே பேச எதுவும் இல்லாமல் பழைய புள்ளிவிவரங்களைச் சொல்வார்கள். ஆனால் என் பதினொன்றாவது நீளம் அங்கேதான் வருகிறது. உடம்பு நிறுத்தச் சொல்லும் இடம் அது, முடிவு இன்னும் கண்ணுக்குத் தெரியாத இடம். டோக்கியோவில் அந்த இடத்தில் டிட்மஸ் லெடெக்கியின் இடுப்பருகே இருந்து தோளருகே வந்தார். ஒரே பாய்ச்சலில் இல்லை. ஒவ்வொரு கைவீச்சுக்கும் ஒரு விரல்கடை. லெடெக்கி மூச்சுக்கு முகம் திருப்பும்போது அந்தத் தொப்பி முன்பு இருந்த இடத்தில் இருந்திருக்காது, கொஞ்சம் முன்னால் இருந்திருக்கும். அதைப் பார்த்தபின்னும் தாளம் தப்பாமல் நீந்த வேண்டும். தாளம் தப்பினால் கை நீரைப் பிடிக்காமல் வழுக்கும், கால்கள் தாழும், எல்லாம் போச்சு.

முடிவில் டிட்மஸ் 3:56.69, லெடெக்கி 3:57.36. சீனாவின் லி பிங்ஜியே 4:01.08 நேரத்தில் மூன்றாவது. லெடெக்கி ரியோவுக்குப் பிறகு அவ்வளவு வேகமாக 400 மீட்டர் நீந்தியதே இல்லை. தோற்ற அன்றுதான் அந்த ஐந்தாண்டுகளின் சிறந்த நீச்சல் அவருக்கு வந்தது. இதைத் தோல்வி என்ற சொல்லோடு மட்டும் எழுதி முடிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

இங்கே எனக்கு நானே ஒரு எதிர்க்கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பக்கத்து லேன்தான் வேகம் தருகிறது என்றால், சாதனைகள் ஏன் வேறு இடங்களில் விழுந்தன? டிட்மஸ் ரியோ சாதனையை உடைத்தது 2022 மே மாதம் அடிலெய்டில், 3:56.40. அது ஆஸ்திரேலியத் தேசிய சாம்பியன்ஷிப். லெடெக்கி அங்கே இல்லை. மெக்கின்டோஷின் 3:56.08 கனடாவின் தேர்வுப் போட்டியில் வந்தது. 2025 ஜூன் 7 அன்று விக்டோரியா நகரில் அவர் நீந்திய 3:54.18, இப்போதைய உலக சாதனை, அதுவும் கனடாவின் தேர்வுப் போட்டிதான். பக்கத்து லேன்களில் அவருக்கு ஈடான ஆள் யாரும் இல்லாத பந்தயங்கள். ரியோவுக்குப் பிறகு வந்த நான்கு சாதனைகளில் போட்டியாளர்கள் நேருக்கு நேர் நின்ற பந்தயத்தில் வந்தது ஃபுகுவோகா மட்டும்தான்.

கொஞ்ச நாள் இது என்னை உறுத்தியது. பிறகு அந்தத் தேதிகளை வரிசையாகப் பார்த்தேன். ஆறு ஆண்டுக்கு நெருக்கமாக அசையாமல் இருந்த சாதனை, மூன்று ஆண்டில் நான்கு தடவை உடைந்திருக்கிறது. 3:56.46 முதல் 3:54.18 வரை. அடிலெய்டில் டிட்மஸுக்கு வலப்பக்கம் லெடெக்கி இல்லை, ஆனால் அவர் உடைக்க வேண்டிய எண் லெடெக்கியுடையது. டொராண்டோவில் மெக்கின்டோஷின் பக்கத்தில் டிட்மஸ் இல்லை, ஆனால் அவர் உடைத்த எண் டிட்மஸுடையது. நான் குளத்துக்குப் போய், அக்கா வராத நாளில், இடப்பக்கம் இருக்கும் நீளங்களில் அவர் இருப்பதாகவே வைத்துக்கொண்டு நீந்திப் பார்த்திருக்கிறேன். பத்து நிமிடம் நாற்பது. தனியாக நீந்தும் பதினொரு நிமிடம் இல்லை அது.

யாருமே அருகில் வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இந்தப் பந்தயத்திலேயே உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் ஜேனட் எவன்ஸ், 1988 சியோல் ஒலிம்பிக், 4:03.85. அவருக்கு 17 வயது. உயரமும் குறைவு, காற்றாடிபோல் நேராகச் சுழலும் கைகள். கிழக்கு ஜெர்மனியின் ஹைக்கே ஃப்ரீட்ரிஹ், ஆங்கே மோரிங் இருவரையும் பின்னால் வைத்து, இரண்டாவது பாதியை முதல் பாதியைவிட வேகமாக நீந்தி முடித்தார். அந்தச் சாதனையை உடைக்க 2006 மே மாதம் பிரான்ஸின் லோர் மானொதூ வர வேண்டியிருந்தது. ஏறக்குறைய 18 ஆண்டுகள்! ஒரு முழுத் தலைமுறை நீச்சல் வீராங்கனைகள் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே ஓய்வு பெற்றார்கள்.

ஃபேர்வெதரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஃபுகுவோகாவில் அவருக்கு 19 வயது. மூன்று பேர் பந்தயம் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். அந்த மூவரும் உலக சாதனை வைத்திருந்தவர்கள். இவர் நான்கு நிமிடத்துக்குள் வந்ததே இல்லை. மெக்கின்டோஷை 0.35 விநாடியில் முந்தி வெண்கலம் வாங்கினார். ஏழு மாதம் கழித்து, 2024 பிப்ரவரியில் தோஹா உலக சாம்பியன்ஷிப்பில் அந்த மூவரும் இல்லாதபோது 3:59.44 நேரத்தில் தங்கம். பெரிய ஆட்கள் வராததால் கிடைத்த தங்கம் என்று சிலர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. வேகத்தைப் பாருங்கள். மூன்று பெரிய பெயர்களுக்கு நடுவே நீந்தியதைவிட, தனியாக முன்னால் போய் அவர் இன்னும் வேகமாக நீந்தியிருக்கிறார். ஃபுகுவோகாவில் பக்கத்து லேன்கள் கற்றுக்கொடுத்ததை அவர் மறக்கவில்லை.

நான்காவதாக வந்த 16 வயதுப் பெண் என்ன ஆனார்? அதே வாரம், அதே குளத்தில், 200 மீட்டர் பட்டர்ஃப்ளையிலும் நான்கு வகை நீச்சலும் சேர்ந்த 400 மீட்டர் தனிநபர் மெட்லியிலும் தங்கம் வாங்கினார்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மூவரும் மறுபடி ஒன்றாக நின்றார்கள். டிட்மஸ் 3:57.49, மெக்கின்டோஷ் 3:58.37, லெடெக்கி 4:00.86. ஒலிம்பிக்கில் இந்தப் பந்தயத்தில் தங்கத்தைத் தக்கவைத்துக்கொண்ட பெண் டிட்மஸுக்கு முன்பு ஒருவர்தான்: அமெரிக்காவின் மார்த்தா நோரேலியஸ், 1924லும் 1928லும். நோரேலியஸ் 1924இல் எடுத்துக்கொண்ட நேரம் 6:02.2. அந்தப் பாரிஸும் இதே பாரிஸ்தான் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

டிட்மஸ் அதன்பின் ஓர் ஆண்டு இடைவேளை எடுத்தார், 2025 அக்டோபரில் ஓய்வை அறிவித்தார். 25 வயது. ஆக, மெக்கின்டோஷின் 3:54.18 நேரத்துக்கு டிட்மஸ் நீரில் பதில் சொல்லப்போவதில்லை. இதை எழுதும்போதும் எனக்கு அது வருத்தமாகத்தான் இருக்கிறது. அந்த இரண்டு பேரும் இன்னும் இரண்டு பந்தயம் பக்கத்துப் பக்கத்தில் நீந்தியிருந்தால் அந்த எண் எங்கே போய் நின்றிருக்கும்!

ஆனால் லெடெக்கி இருக்கிறார். 2025 ஜூலை 27, சிங்கப்பூர் உலக சாம்பியன்ஷிப். 28 வயது, முதல் உலகப் பட்டம் வாங்கி 12 ஆண்டுகள் ஆகிவிட்டன. மெக்கின்டோஷ் 3:56.26 நேரத்தில் எளிதாக முன்னால் போனார். இரண்டாவது இடத்துக்கு லி பிங்ஜியேயும் லெடெக்கியும் கடைசிச் சுவர் வரை முட்டிக்கொண்டார்கள். லி 3:58.21, லெடெக்கி 3:58.49. டோக்கியோவில் லெடெக்கிக்கு 3.72 விநாடி பின்னால் வந்து வெண்கலம் வாங்கிய லி, இந்த முறை லெடெக்கியின் பக்கத்திலேயே இருந்தார்.

அன்று இரவு என் குறிப்பேட்டில் அந்த எண்களை எழுதும்போதுதான் கவனித்தேன். குவாங்ஜுவில் டிட்மஸ் தங்கம் வென்ற நேரம் 3:58.76. சிங்கப்பூரில் லெடெக்கி மூன்றாவதாக வந்த நேரம் அதைவிட வேகம். மறுநாள் காலை குளத்தில் அக்காவிடம் இதைச் சொன்னேன். சுவரைப் பிடித்தபடி இரண்டு எண்களையும் மனதுக்குள் கழித்துப் பார்த்தார். "இருபத்தேழு," என்றார். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். "சரி வா, நானூறு போடுவோம்."